பாறைக்குள் ஒளிந்திருக்கும் தபால் பெட்டி!

தபால் பெட்டி எங்கே இருக்கும்? தெரு முனையில் இருக்கும். தபாலாபீஸ் வாசலில் இருக்கும். சிவப்பு வர்ணம் பூசி, எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்திருப்பார்கள்.

யார் கண்ணிலும் படக்கூடாது என்று ஒளித்து வைத்த தபால் பெட்டிகளும் உலகத்தில் உண்டு!

அவை இங்கிலாந்தில் இருக்கின்றன. அந்த நாட்டின் தென்மேற்கே டெவன் என்று ஒரு பகுதி. அதன் நடுவே டார்ட்மூர் என்ற பெரிய மேட்டு நிலம். பாறை இடுக்கில், புல் திட்டுக்கு அடியில், கல்லுக்குப் பின்னால் என்று ஆயிரக்கணக்கான பெட்டிகள் அங்கே பதுங்கிக் கிடக்கின்றன.

தபால்காரர் அங்கே வருவதில்லை. பெட்டிக்குப் பூட்டும் இல்லை. திறந்து பார்த்தால் ஒரு ரப்பர் ஸ்டாம்பும் சிறிய நோட்டுப் புத்தகமும் இருக்கும். அவ்வளவுதான்! இதைத் தேடிப் பெரியவர்களும் குழந்தைகளும் மழையிலும் காற்றிலும் மைல் கணக்காக நடக்கிறார்கள்.

"இது என்ன பைத்தியம்?" என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? ஒரு தந்தையும் ஏழு வயது மகளும் பெட்டி தேடப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்தால் விஷயம் புரியும். அவர்கள் பெயர் நமக்கு வேண்டாம். விடுமுறை நாளில் அந்த மேட்டில் காணக்கூடிய எத்தனையோ தந்தை-மகள் ஜோடிகளில் அதுவும் ஒன்று என்று வைத்துக்கொள்வோம்.

மகளின் பிடிவாதம்

"அப்பா, நாம் முதல் பெட்டிக்கே போகலாம்!"

காலையில் எழுந்ததும் சிறுமி பிடித்த பிடிவாதம் இது.

முதல் பெட்டி என்றால், முதன்முதலில் வைத்த பெட்டி. அது கிரான்மியர் குளம் என்ற இடத்தில் இருக்கிறது. பெயர்தான் குளம். தண்ணீர் வடிந்துபோய் வெகு காலம் ஆகிவிட்டது. இன்று அது ஒரு கரிய பள்ளம்.

சுற்றிலும் வீடு இல்லை. நிழலுக்கு ஒரு மரம் இல்லை. பாசியும் புல்லும் பல நூற்றாண்டுகளாக அழுகிக் கெட்டிப்பட்ட கறுப்பு மண். மழைத் தண்ணீரைப் பஞ்சு போலக் குடித்து வைத்திருக்கும். தெரியாமல் காலை வைத்தால் சில இடங்களில் முழங்கால் வரை உள்ளே இறங்கிவிடும்.

சாக்போர்டு என்ற ஊரில் ஜேம்ஸ் பெரட் என்று ஒருவர் இருந்தார். வெளியூரிலிருந்து வரும் கனவான்களுக்கு மேட்டு நிலத்தில் வழிகாட்டுவது அவருடைய தொழில். அந்தக் காலத்தில் கிரான்மியர் வரை போய் வருவது லேசான காரியம் அல்ல. அவ்வளவு தூரம் போனதற்கு ஓர் அடையாளம் வேண்டாமா? 1854-ம் ஆண்டில் பெரட் அங்கே ஒரு பாட்டிலை வைத்தார். வந்தவர்கள் தங்கள் பெயர் அச்சிட்ட விசிட்டிங் கார்டை அதில் போட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

பிறகு பாட்டில் போய்த் தகரப் பெட்டி வந்தது. விசிட்டிங் கார்டு போய்த் தபால் கார்டு வந்தது. இங்கேதான் வேடிக்கை ஆரம்பமாகிறது.

போகிறவர், விலாசம் எழுதித் தபால்தலை ஒட்டிய கார்டைப் பெட்டியில் வைத்துவிட்டு வருவார். அடுத்து வருகிறவர் அதை எடுத்துக்கொண்டு போய், ஊரில் உள்ள உண்மையான தபால் பெட்டியில் சேர்க்க வேண்டும். கார்டு வீடு போய்ச் சேருவது எப்போது? அடுத்த ஆள் வரும்போது! அவர் நாளைக்கே வரலாம். ஒரு மாதம் கழித்தும் வரலாம். முகம் தெரியாத ஒருவர் தம் கடிதத்தைச் சுமந்து போவார் என்று நம்பித்தான் எல்லோரும் கார்டு வைத்தார்கள். தபால் பெட்டி என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

1937-ம் ஆண்டில் அந்த வட்டாரத்துப் பத்திரிகை ஒன்று நிதி திரட்டி, கிரான்மியரில் நிலையான கல் பெட்டி அமைத்தது. டார்ட்மூரைப் பற்றி 1909-ல் பெரிய வழிகாட்டி நூல் எழுதியவர் வில்லியம் கிராசிங். அவர் நினைவாக 1938-ல் டக்ஸ் பூல் என்ற இன்னொரு சதுப்பில் ஒரு பெட்டி வைத்தார்கள். எண்ணிப் பார்த்தால் அந்நாளில் பெட்டிகள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தன.

கிரான்மியருக்குப் போய்த் திரும்ப ஏழு வயதுக் கால்களால் முடியாது. அதோடு, அந்தப் பக்கம் பட்டாளத்தார் துப்பாக்கி சுடப் பழகும் இடம். சிவப்புக் கொடி பறந்தால் உள்ளே நுழையக் கூடாது.

"உனக்குப் பத்து வயது ஆகட்டும். கட்டாயம் போவோம்" என்றார் தந்தை.

சிறுமி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். கார் புறப்பட்ட பிறகும் பேசவில்லை. கடைசியில் பிசாசுக் கதை சொல்லித்தான் அவளைச் சமாதானம் செய்ய வேண்டியிருந்தது.

சல்லடையும் பிசாசும்

கிரான்மியருக்கு வடக்கே ஒக்ஹாம்ப்டன் என்று ஒரு நகரம். ஒரு காலத்தில் அங்கே மேயராக இருந்தவரின் ஆவி, அவர் இறந்த பிறகும் ஊரை விட்டுப் போகவில்லையாம். பெஞ்சி கியர் என்று அதற்குப் பெயர். பாதிரிமார்கள் கூடி மந்திரித்து, ஆவியைக் குளத்துக்கு விரட்டினார்கள். அதன் கையில் ஒரு சல்லடையைக் கொடுத்து, "இந்தக் குளத்தை இறைத்து முடி!" என்றார்கள்.

சல்லடையில் தண்ணீர் நிற்குமா?

ஆவி யோசித்தது. ஆட்டுத் தோல் ஒன்று கிடைத்தது. அதைச் சல்லடைக்குள் விரித்துக்கொண்டு மளமளவென்று இறைத்தது. குளம் வற்றியது. ஒக்ஹாம்ப்டன் நகரம் வெள்ளத்தில் மிதந்தது!

இதையே வேறு விதமாகச் சொல்கிறவர்களும் உண்டு. ஆவியைக் கறுப்புக் குதிரைக் குட்டியாக மாற்றித்தான் அங்கே ஓட்டிவிட்டார்கள் என்பது அவர்கள் கதை.

"அந்தக் குதிரை நாம் போகிற இடத்துக்கு வருமா, அப்பா?"

"வராது அம்மா. அது வடக்கே இருக்கிறது. நாம் கிழக்கே போகிறோம்."

சிறுமி ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். முழுவதும் நம்பியதாகத் தெரியவில்லை.

நத்தை முத்திரை

பெட்டி தேடப் போகிறவர்களுக்குப் பெரிய செலவு இல்லை. நிலப்படம் ஒன்று. திசைகாட்டி ஒன்று. ஸ்டாம்பு பேடு, நோட்டுப் புத்தகம், பென்சில். கூடவே சொந்த முத்திரை ஒன்று வேண்டும்.

முந்திய நாள் இரவு தந்தை சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, பள்ளிக்கூட அழிரப்பரில் பேனாக்கத்தியால் ஒரு நத்தையைச் செதுக்கினார். ஏன் நத்தை? நடக்கும்போது எப்போதும் பத்தடி பின்னால் வருகிறவள் மகள். வீட்டில் அவளுக்கு அதுதான் பட்டப்பெயர். ரப்பரில் இடது பக்கம் பார்த்த நத்தை, காகிதத்தில் அழுத்தியதும் வலது பக்கம் திரும்பிக்கொண்டது! அதைப் பார்ப்பதற்காகவே அவள் ஒரு பக்கம் முழுவதும் நத்தையாகக் குத்தித் தீர்த்துவிட்டாள்.

பெட்டி கிடைத்ததும் செய்ய வேண்டியது இதுதான். பெட்டிக்குள் இருக்கும் முத்திரையை மையில் தொட்டு, நம் நோட்டில் பதிக்க வேண்டும். நம் முத்திரையைப் பெட்டியின் நோட்டில் பதித்துத் தேதி போட வேண்டும். "நான் வந்தேன்" என்று நாம் சொல்கிறோம். "ஆமாம், வந்தாய்" என்று பெட்டி சொல்கிறது.

பெட்டி இருக்கும் இடத்தைத் துப்புச் சீட்டு சொல்லும். முதல் சீட்டில் இருந்தது இவ்வளவே: "பெரிய பாறையின் மேற்கு முனை 65 பாகை. தனி மரம் 180 பாகை. அந்த இடத்துக்குச் சாய்ந்த கல்லிலிருந்து 20 தப்படி."

திசைகாட்டியின் வட்டத்தில் 360 பாகைகள். வடக்கு 0. கிழக்கு 90. தெற்கு 180. மேற்கு 270. பெட்டி இருக்கும் இடத்தில் நின்று பார்த்தால் பாறை 65-லும் மரம் நேர் தெற்கிலும் தெரியும் என்பது சீட்டின் பொருள். இரண்டும் ஒரே சமயத்தில் பொருந்தும் இடம் அந்தப் பரந்த வெளியில் ஒன்றே ஒன்றுதான்.

யாருடைய தப்படி?

அவர்கள் போன இடம் ஹேடார். டார் என்றால் குன்றின் உச்சியில் துருத்திக்கொண்டு நிற்கும் கருங்கல் பாறை. டார்ட்மூரில் இப்படி 160-க்கும் மேல் உண்டு. ஹேடார் ஏறத்தாழ 1,500 அடி உயரம். தூரத்திலிருந்து பார்த்தால் பாழடைந்த கோட்டை போல இருக்கும். மேலே ஏறி நின்றால் ஆங்கிலக் கால்வாய்க் கடல் தெரியும்.

அக்டோபர் மாதம். வெயில் அடித்தது. காற்று காதை அறுத்தது. பெரணிச் செடிகள் பழுத்துச் செம்பட்டையாகக் கிடந்தன. ஆடுகள் தலையைத் தூக்காமல் மேய்ந்துகொண்டிருந்தன.

சிறுமி திசைகாட்டியை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டாள். பாறையைப் பார்த்தாள். முள் 65 காட்டியது.

"கண்டுபிடித்துவிட்டேன்!"

"மரத்தையும் பார்" என்றார் தந்தை.

மரம் 170 காட்டியது. சரியில்லை. கொஞ்ச நேரம் விழித்துக்கொண்டு நின்றாள். பிறகு பாறையை நோக்கி நேராக நடந்தாள். பாறை 65-லேயே நின்றது. மரம் மெல்ல மெல்ல 175 ஆயிற்று, 180 ஆயிற்று. அருகிலேயே சாய்ந்த கல்லும் தென்பட்டது!

கல்லிலிருந்து 20 தப்படி எண்ணினாள். பெட்டி இல்லை. மறுபடி எண்ணினாள். இல்லை.

"அப்பா, 20 தப்படி என்று போட்டிருக்கிறதே, யாருடைய தப்படி?"

நல்ல கேள்வி! பெட்டி வைத்தவர் பெரிய ஆள். அவருடைய ஒரு தப்படிக்கு இவளுக்கு இரண்டு வேண்டும். மறுபடியும் கல்லுக்குப் போய், குதித்துக் குதித்து நீளமாகக் காலை வைத்து எண்ணி வந்தாள்.

தந்தையின் கண்ணில் அது முன்பே பட்டுவிட்டது. ஒரு கல்லுக்கு அடியில், பெரணி இலைக்குப் பின்னால், வெள்ளை மூடியின் ஓரம். அவர் வாயைத் திறக்கவில்லை. குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தார். மறுபடி கட்டினார். மற்ற நாட்களில் "நேரமாயிற்று, நேரமாயிற்று" என்று மகளின் காலில் ஷூவை மாட்டிவிடுகிற கை அது. அவளாகவே மாட்டிக்கொள்ள விடுவதற்குக் காலையில் பொழுது ஏது? அன்று மட்டும் அந்தக் கை சும்மா இருந்தது. சும்மா இருப்பது அவ்வளவு சுலபமாக இல்லை.

மூன்றாவது கயிறு கட்டும்போது ஒரு கூச்சல் கேட்டது.

பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் பை. பைக்குள் முத்திரை. முத்திரையில் ஒரு செம்மறி ஆடு, கண்ணாடி போட்டுக்கொண்டு! சிறுமி சிரித்துச் சிரித்து ஸ்டாம்பு பேடைப் புல்லில் கவிழ்த்துவிட்டாள். பெட்டியின் நோட்டில் நத்தை ஏறியது. அதற்கு மேலே, சென்ற வாரம் வந்த யாரோ ஒருவரின் தவளை இருந்தது.

டப்பாவை எடுத்தபடியே திரும்ப வைத்து, கல்லை மூடினார்கள். அந்த நேரத்தில் இரண்டு பேர் அந்தப் பக்கமாக நடந்து வந்தார்கள். உடனே தந்தையும் மகளும் ரொட்டியைப் பிரித்துச் சாப்பிடுவது போலப் பாவனை செய்தார்கள். பெட்டி இருக்கும் இடம் தேடாதவர்களுக்குத் தெரியக் கூடாது என்பது இந்த ஆட்டத்தின் எழுதாத சட்டம்.

கல்லால் ஒரு தண்டவாளம்

ஹேடாருக்கு வடக்கே பழைய கல் குவாரிகள் இருக்கின்றன. அங்கிருந்து ஒரு தண்டவாளம் புறப்படுகிறது. இரும்புத் தண்டவாளம் அல்ல. கருங்கல் தண்டவாளம்! வண்டிச் சக்கரம் ஓடுவதற்கு விளிம்பு வெட்டிய கற்களை வரிசையாகப் பதித்திருக்கிறார்கள்.

1820-ல் இதை அமைத்தவர் ஜார்ஜ் டெம்ப்ளர். கல் ஏற்றிய வண்டிகள் சரிவில் தாமாகவே இறங்கும். காலி வண்டிகளைக் குதிரைகள் மேலே இழுத்து வரும். கீழே வாய்க்காலில் படகு. அப்புறம் டின்மத் துறைமுகத்தில் கப்பல். 1831-ல் திறக்கப்பட்ட லண்டன் பாலத்துக்கும் இந்தக் கல் போயிற்று. அந்தப் பாலத்தை 1968-ல் ஓர் அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். மேலே இருந்த கற்களைப் பிரித்து எடுத்துப் போய், அரிசோனாவில் ஒரு பாலைவன ஏரிக்கரையில் 1971-ல் மறுபடி பாலமாக நிறுத்திவிட்டார்!

சிறுமிக்கு லண்டன் பாலம் முக்கியமாகப் படவில்லை. கல் தண்டவாளத்தில் ரயில் போலக் கூவிக்கொண்டு ஓடினாள். அன்றைக்கு அவள் முன்னால் போய்த் தந்தை பின்னால் போனது அப்போதுதான். இரண்டாவது பெட்டியும் அதிக சிரமம் இல்லாமல் கிடைத்தது. முத்திரையில் குதிரை வண்டிப் படம்.

கிழவரின் சட்டைப் பை

குவாரிக்குள் இப்போது தண்ணீர் நிற்கிறது. காற்றுக்கு மறைவான இடம். அங்கே ஒரு கிழவர் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவர் பையில் தைத்திருந்த வட்டச் சின்னத்தைப் பார்த்ததும் தந்தைக்கு ஆள் யாரென்று புரிந்துவிட்டது. நூறு பெட்டி கண்டவர்!

இந்த ஆட்டம் 1970-களுக்குப் பிறகுதான் காட்டுத் தீ போலப் பரவியது. காட்ப்ரி ஸ்வின்ஸ்கோ என்பவர் நூறு பெட்டிகளைக் கண்டுபிடித்தவர்களுக்காக ஒரு சங்கம் ஆரம்பித்தார். நூறு முத்திரைகளைச் சேர்த்தவர்தான் உறுப்பினர் ஆகலாம். பெட்டிகளின் துப்புகளைத் தொகுத்து அட்டவணையும் போட்டார்கள்.

கூட்டம் பெருகியதும் தொல்லையும் பெருகியது. சிலர் பழைய கற்சுவர்களைக் கலைத்துத் தேடினார்கள். மண்ணைத் தோண்டினார்கள். டார்ட்மூர் 1951 முதல் தேசியப் பூங்கா. நாலாயிரம் ஆண்டுக்கு முந்திய கல்வட்டங்களும் வீட்டுச் சுவடுகளும் அங்கே கிடக்கின்றன. அவற்றைக் கெடுத்து ஒரு விளையாட்டா? அதனால் கட்டுப்பாடு வந்தது. பழஞ்சின்னங்களிலும் சுவர்களிலும் பெட்டி வைக்கக் கூடாது. குழி தோண்டக் கூடாது. சிமெண்டு பூசக் கூடாது.

1998-ல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் வெளிவந்த கட்டுரையால் இந்த ஆட்டம் அந்த நாட்டிலும் பற்றிக்கொண்டது. 2000-ம் ஆண்டு மே மாதத்தில், செயற்கைக் கோள் உதவியால் இடம் கண்டுபிடிக்கும் இன்னொரு புதையல் ஆட்டம் அங்கே பிறந்தது. அதற்குத் திசைகாட்டி வேண்டாம். கைக்கருவியே வழி சொல்லிவிடும். டார்ட்மூர்க்காரர்கள் பலருக்கு அதில் சுவாரசியம் இல்லை. வழியைக் கருவி சொல்லிவிட்டால் அப்புறம் தேடுவதற்கு என்ன இருக்கிறது?

கிழவர் சிறுமியின் நோட்டை வாங்கிப் பார்த்தார். நத்தையைப் பார்த்தார். சட்டைப் பைக்குள் கையை விட்டு ஒரு முத்திரையை எடுத்தார். அவரே ஒரு நடமாடும் தபால் பெட்டி! இப்படி முத்திரையைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறவர்களும் உண்டு. "முத்திரை இருக்கிறதா?" என்று கேட்டால்தான் கொடுப்பார்கள். சிறுமி கேட்கவில்லை. நத்தைக்காகக் கொடுத்ததாகக் கிழவர் சொன்னார்.

எழுந்து போகும்போது மேற்கே ஒரு தரம் பார்த்தார். "சீக்கிரம் திரும்பிவிடுங்கள்" என்று தந்தையிடம் சொல்லிவிட்டு நடந்தார்.

வானம் நீலமாகத்தான் இருந்தது.

இரண்டு குன்றுகள் மறைந்தன

மூன்றாவது பெட்டி சாடில் டார் பக்கம். ஹேடாரிலிருந்து தென்மேற்கே அரை மைலுக்குச் சற்று மேல். "சாடில் டார் 270 பாகை. ஹேடார் 27 பாகை. தட்டைக் கல்லுக்கு அடியில்" என்றது சீட்டு.

அந்தச் சரிவில் தட்டைக் கற்கள் ஒன்றிரண்டா? நூற்றுக்கணக்கில் கிடந்தன! சிறுமி ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தாள். முழங்காலெல்லாம் சேறு. அரை மணி நேரம் ஆயிற்று.

முதலில் சாடில் டார் மங்கியது. யாரோ பாலில் நனைத்த துணியால் மூடியது போல இருந்தது. பிறகு பாறையே இல்லை. சிறுமி திரும்பி ஹேடாரைப் பார்த்தாள். அதன் உச்சி தெரிந்தது. அப்புறம் அதுவும் இல்லை. சில நிமிஷத்தில் பத்தடிக்கு அப்பால் எல்லாம் வெள்ளையாகிவிட்டது. டார்ட்மூர் மூடுபனி இப்படித்தான் வரும். அந்த மேட்டில் பிறந்து வளர்ந்தவர்களே அதற்குள் வழி தெரியாமல் சுற்றியிருக்கிறார்கள்.

"போகலாம்" என்றார் தந்தை.

"இன்னும் நாலு கல்தான் அப்பா! அதோ அந்தப் பெரிய கல்லுக்கு அடியில்தான் இருக்கிறது. எனக்குத் தெரியும்!"

இருக்கலாம். இருபது தப்படிக்குள் பெட்டி கிடந்திருக்கலாம். ஒரு நிமிஷம் தேடினால் கிடைத்துவிடும் என்று தந்தைக்கும் தோன்றியது. அந்த ஒரு நிமிஷம்தான் ஆபத்து. ஒரு நிமிஷம் பத்து நிமிஷமாகும். கல்லுக்குக் கல் போனால், எந்தப் பக்கமிருந்து வந்தோம் என்பது மறந்துபோகும். குளிர் ஏறும். இருட்டும்.

"வேண்டாம் அம்மா. போகலாம்."

சிறுமி அழுதாள். சத்தம் போட்டே அழுதாள். "கிரான்மியருக்கும் கூட்டிக்கொண்டு போகவில்லை! இதையும் விடமாட்டேன் என்கிறீர்கள்!" என்றாள். தந்தை சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொன்னது இரண்டும் உண்மைதான்.

நத்தை வழி காட்டியது

கைப்பேசியை எடுத்துப் பார்த்தார். சிக்னல் இல்லை. அதைப் பையில் போட்டுவிட்டுத் திசைகாட்டியை மகளின் கையில் கொடுத்தார்.

"நமக்குத் தெற்கே சாலை இருக்கிறது. கால் மைல்கூட இராது. கிழக்கும் மேற்குமாகப் போகிற சாலை. நேர் தெற்கே நடந்தால் அதைத் தாண்டிப் போகவே முடியாது. தெற்கு எத்தனை பாகை?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நூற்றெண்பது" என்றாள்.

"நீ முன்னால் போ."

அவளுடைய மறு கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். 180-க்கு நேரே கண்ணுக்குத் தெரிகிற ஒரு கல்லைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கல் வரை நடக்க வேண்டும். அங்கே நின்று, மறுபடி 180 பார்த்து, அடுத்த கல்லையோ புதரையோ குறித்துக்கொள்ள வேண்டும். இப்படிக் கல் கல்லாகப் போனார்கள். அழுகை எந்தக் கல்லில் நின்றது என்று இருவருமே கவனிக்கவில்லை.

ஏழாவதோ எட்டாவதோ கல்லுக்குப் போகும்போது, சிறுமி சட்டென்று நின்றாள்.

எதிரே, மூடுபனிக்குள், கறுப்பாக ஒன்று நின்றது. நாலு கால். நனைந்த பிடரி. அசையவில்லை.

"அப்பா! பெஞ்சி!"

தந்தைக்கும் ஒரு கணம் உடம்பு சிலிர்த்ததை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

டார்ட்மூரில் குட்டைக் குதிரைகள் திறந்த வெளியில் திரிகின்றன. ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரர் உண்டு. அவற்றுக்குத் தீனி கொடுக்கக் கூடாது. கொடுத்தால் பழகிப்போய், சாலை ஓரத்துக்கு வந்து காரில் அடிபடும்.

கறுப்புக் குதிரை இருவரையும் பார்த்தது. மூக்கிலிருந்து ஆவி பறந்தது. தலையை ஒரு தரம் ஆட்டிவிட்டு, பனிக்குள் போய்விட்டது. சல்லடை எதுவும் கையில், அதாவது காலில், இல்லை என்று தந்தை சொன்னார். சிறுமி சிரிக்கவில்லை. திசைகாட்டியை மறுபடி நெஞ்சுக்கு நேரே பிடித்தாள்.

"நூற்றெண்பது" என்றாள். நடந்தாள்.

இன்னும் கொஞ்ச தூரத்தில் ஈரத் தாரில் சக்கரம் ஓடும் ஓசை கேட்டது. மஞ்சள் வெளிச்சம் ஒன்று இடமிருந்து வலமாகப் போயிற்று. சாலை!

இடது பக்கம் திரும்பி, சாலை ஓரத்துப் புல்லிலேயே நடந்து கார் இருந்த இடத்துக்கு வந்தார்கள்.

காருக்குள் பிளாஸ்கைத் திறந்து சூடாகக் குடித்த பிறகு, சிறுமி நோட்டை எடுத்தாள். கண்ணாடி போட்ட ஆடு ஒரு பக்கம். குதிரை வண்டி ஒரு பக்கம். கிழவரின் முத்திரை ஒரு பக்கம். அடுத்த பக்கத்தின் தலைப்பில், ஈரக் கையால் பென்சிலைப் பிடித்து எழுதினாள்: "சாடில் டார் 270. ஹேடார் 27." கீழே முழுவதும் காலியாக விட்டாள்.

வீட்டு வாசலில் தாயார் கேட்டாள்: "எத்தனை பெட்டி கிடைத்தது?"

"இரண்டு" என்றார் தந்தை.

"மூன்று" என்றாள் மகள். "ஒன்று அங்கேயே இருக்கிறது."